உங்களுக்கு வச்ச பூ

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மரியாதை காரணமல்ல, பயம்தான். எழுதினால் எங்கிருந்தாவது வந்து, இந்தப் பக்கத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, முதல் வேலையாக அந்தப் பெயரைத்தான் இரண்டு விரலால் பிடுங்கிப் போடுவார். பிடுங்குவதுதான் அவருடைய தொழில். ஹோட்டல் பதிவேட்டில் 'மலர் அலங்காரப் பொறுப்பாளர்' என்று போட்டிருந்தார்கள். அதைவிடப் பெரிய பொய்யை நான் அந்தப் பதிவேட்டில் பார்த்ததில்லை.

ஹோட்டல் சீகிரியா பக்கத்தில் இருந்தது. எந்த அறை ஜன்னலைத் திறந்தாலும் குன்று தெரியும் என்று விளம்பரம் சொல்லும். பாதி அறைகளில் சமையற்கட்டுப் புகைபோக்கிதான் தெரியும். அங்கே நான் பதினொரு வருடம் ரிசப்ஷனில் நின்றவன். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, நாலு மொழியில் வரவேற்று, நாலு மொழியிலும் சுடுதண்ணீர் இப்போது வந்துவிடும் என்று பொய் சொன்னவன். பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வராமல் போன காலம் வந்தது. ஆளே வராத வாசலில் வரவேற்க நாலு பேர் எதற்கு என்று நிர்வாகத்துக்குத் திடீரென ஞானம் பிறந்தது. இரண்டு பேர் வீட்டுக்குப் போனார்கள். என்னைக் கூப்பிட்ட மெனேஜர், "பூ செக்‌ஷன்ல ஒரு ஆள் வேணும். ஆறு மாசம் பாப்போம். அந்த மிஸ் கையெழுத்துப் போட்டா நிரந்தரம். இல்லாட்டி..." என்று கையை விரித்தார்.

மாத்தளையில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், நாற்பதை எட்டிப் பார்க்கும் வயது. அந்த 'இல்லாட்டி'க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பூவுக்குத் தலையாட்டினேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். "கல்யாணமாகி பதினாலு வருசத்துல எனக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்ல. இப்ப ஊருக்கெல்லாம் பூ வைக்கப் போறீங்களாக்கும்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் சிரித்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த மிஸ் என்னைவிட இரண்டு வயது இளையவர். மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளைக்காரர். கணவர் அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார், ஒரு மகள். என்னைப் போலவே கிழமை நாட்களில் ஹோட்டல் குவாட்டர்ஸில் தங்கி, வார இறுதியில் பஸ் ஏறுபவர். எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. எனக்கும் மிஸ்தான். அவருக்கு நான் 'அண்ணே'. இந்த 'அண்ணே'யில் மயங்கித்தான் முதல் நாள் நான் ஏமாந்தேன். திட்டுகிறவர்கள் 'டேய்' என்றுதான் ஆரம்பிப்பார்கள் என்று அதுவரை நம்பியிருந்தேன். 'அண்ணே' என்று ஆரம்பித்து 'ங்க' என்று முடித்து, நடுவில் ஒரு ஆளைத் தரையோடு தரையாகத் தேய்க்க முடியும் என்று காட்டியவர் அவர்.

முதல் நாள் பூக்கூடத்தில் இருந்த பெரிய கத்திரிக்கோலை எடுத்து ரோஜாத் தண்டுகளை வெட்ட ஆரம்பித்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, உங்க வாய ரெண்டு விரலால நசுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு கிளாஸ் தண்ணி குடிங்க பாப்போம்."

"ஏன் மிஸ்?"

"அந்த ரோஜாவும் அதத்தான் கேக்குது. கத்திரிக்கோலு தண்டோட வாய நசுக்கிரும். கத்தியால சாய்ச்சு ஒரே வெட்டா வெட்டுங்க. பாவம், அது தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்."

கத்தி அவருடையது. கொழுந்துத் தோட்டத்தில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி ஒன்றைத் தேய்த்துத் தேய்த்துச் சுண்டுவிரல் நீளத்துக்குக் கொண்டுவந்தது போல இருக்கும். அதை யாருக்கும் கொடுக்கமாட்டார். எனக்கு ஸ்டோரிலிருந்து, வாழைப்பழத்தைக்கூட வெட்ட யோசிக்கிற ஒரு கத்தியை வாங்கிக் கொடுத்தார்.

சாடித் தண்ணீர் விஷயத்தில் அவருக்கு ஒரே சட்டம். சாடியில் இருக்கிற தண்ணீரை நீங்கள் குடிப்பீர்களா? குடிக்கமாட்டீர்கள் என்றால் மாற்றுங்கள். மூன்றாவது வாரம், லொபியில் இருந்த ஒன்பது சாடிகளையும் மாற்றச் சோம்பல்பட்டு, "குடிப்பேனே மிஸ், நல்ல தண்ணிதான்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவர் கண்ணாடிக் குவளையைக் கழுவித் துடைத்து, சாடியிலிருந்து ஊற்றி, கீழே ஒரு சோசர் வைத்து, விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல நீட்டினார். ரிசப்ஷனில் என்னோடு நின்றவன் பார்த்துக்கொண்டிருந்தான். மானம் பெரிதென்று பாதியைக் குடித்தேன். அதற்கடுத்த இரண்டு நாட்களைப் பற்றி எழுதுவது நாகரிகமாக இருக்காது.

இதெல்லாம் பரவாயில்லை. பொறுக்க முடியாதது அந்தப் பிடுங்கல்.

ஒரு அலங்காரத்தை ஒன்றரை மணி நேரம் செய்து முடிப்பேன். அவரைக் கூப்பிடுவேன். மேசையைச் சுற்றி ஒரு நடை. தலை கொஞ்சம் சாயும். வலது கை மெதுவாக மேலே வரும். எத்தனை தண்டு இருந்தாலும் சரி, நான் எதை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேனோ, மிகச் சரியாக அந்த ஒன்றை மட்டும் உருவி எடுப்பார்.

"இது பூவுக்கு வச்சது இல்லண்ணே. உங்களுக்கு வச்சது."

அவ்வளவுதான். விளக்கம் கிடையாது. உருவிய பூவை வாளியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். போன பிறகு பார்த்தால் அலங்காரம் முன்பைவிட நன்றாக இருக்கும். அதுதான் எரிச்சலே. கெட்டுப்போயிருந்தால் நிம்மதியாகக் கோபப்பட்டிருக்கலாம்.

ஒருநாள் அவரை ஏமாற்ற முடிவு செய்தேன். எனக்குப் பிடித்த சிவப்பு அந்தூரியத்தைப் பின்பக்கம் இலைகளுக்குள் ஒளித்துவிட்டு, முன்னால் வேண்டுமென்றே ஒரு பகட்டான மஞ்சள் ஜெர்பராவை நட்டுவைத்தேன். வந்தார், சுற்றினார். ஜெர்பராவைத் திரும்பியும் பார்க்கவில்லை. இலைகளுக்குள் கையை விட்டு அந்தூரியத்தை உருவினார். "ஒளிச்சு வச்சாலும் உங்களுக்குத்தான்" என்றார். அன்றிலிருந்து அவருக்கு ஏதோ மந்திரம் தெரியும் என்று நான் நம்பினேன். உண்மை என்னவென்றால், நான் அந்த இலைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பூவோடு நிறுத்தியிருந்தால் அவரைக் கலைஞர் என்று விட்டுவிடலாம். தலைமைச் சமையற்காரரின் தகப்பனார் ரத்தோட்டையில் காலமானபோது எல்லோரும் வேன் பிடித்துப் போனோம். அங்கே ஒரு அரசியல்வாதி அனுப்பிய மலர் வளையம் வாசலை மறைத்துக்கொண்டு நின்றது. அதில் குறுக்கே ஒரு பட்டு ரிப்பன். அனுப்பியவரின் பெயர், பதவி, பழைய பதவி என்று, வரப்போகிற பதவியைத் தவிர எல்லாம் அதில் இருந்தது. மிஸ் வளையத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.  கை மேலே வந்தது. ரிப்பனை உருவிச் சுருட்டி, கொண்டுவந்து வைத்த ஆளிடமே கொடுத்தார். "செத்தவரு பேரு எங்கயும் இல்லையே தம்பி. இத நீங்களே வச்சுக்கங்க" என்றார். அந்த ஆள் ரிப்பனை விரித்துப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் மிஸ்ஸை வேனுக்குள் ஏற்றிவிட்டோம்.

தேர்த் திருவிழாவன்று குடும்பத்தோடு மாத்தளை வந்தவரை மரியாதைக்காக வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். என் மனைவி விடியற்காலையிலிருந்து அடுப்போடு நின்றவள். ஏழு கறி. இலையைப் பார்த்தார். எனக்கு அந்தத் தலைச் சாய்வு தெரிந்தது. "மிஸ், வேணாம்" என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் அன்னாசிக் கறியை ஒரு விரலால் இலை ஓரத்துக்குத் தள்ளி, "மத்ததெல்லாம் நாங்க சாப்பிட வச்சது தங்கச்சி. இது நாங்க போய்ப் பெருமையாச் சொல்ல வச்சது" என்றார். என் மனைவி பல்லைக் காட்டிச் சிரித்தாள். அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகு அவள் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது. ஆனால் அடுத்த வருடம் தேருக்கு ஆறு கறிதான் சமைத்தாள். நான் எண்ணினேன், வாயைத் திறக்கவில்லை.

இனி அந்தக் கல்யாணம்.

என்னுடைய ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. எங்கள் ஹோட்டலில் ஒரு அழகான வழக்கம் உண்டு. நிரந்தரமாக்கும் படிவத்தில் 'ஊழியரின் சிறப்புகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். பொறுப்பாளர் எழுத வேண்டிய இடம். பொறுப்பாளர்களுக்கு நேரமில்லாததால் அந்தந்த ஊழியரே தன்னைப் பற்றி எழுதிக்கொடுப்பார், அவர்கள் கையெழுத்து மட்டும் போடுவார்கள். உலகத்தில் உள்ள எல்லா நல்ல குணமும் எங்கள் ஹோட்டலில் குவிந்து கிடந்ததற்குக் காரணம் அதுதான். நானும் எழுதினேன். 'படைப்பாற்றல் மிக்கவர். தலைமைப் பண்பு உள்ளவர். பொறுமைசாலி. நுணுக்கமான கலை ரசனை கொண்டவர். நேரத்துக்கு வேலைக்கு வருபவர்.' கடைசியாக எழுதியது கட்டத்தில் இடம் மீந்ததால் எழுதியது. கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பே கொண்டுபோய் மிஸ்ஸின் மேசை இழுப்பு லாச்சியில் வைத்தேன். அவர் எடுத்துப் பார்த்ததாகவே தெரியவில்லை.

கல்யாணம் மாத்தளையில் புடவைக் கடை வைத்திருக்கும் குடும்பத்தினுடையது. தோட்டத்துப் புல்வெளியில் மணவறை. முகூர்த்தம் காலை பதினொரு மணி கடந்து. முதல் நாள் மாலை மிஸ்ஸின் மகளுக்குக் காய்ச்சல் கூடி மாத்தளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகச் செய்தி வந்தது. பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர் வாசலில் நின்று எனக்குச் சொன்னது இவ்வளவுதான்.

"ரெண்டு பக்கமும் ரெண்டு அலங்காரம். வேற ஒண்ணும் வேணாம். ஸ்பொஞ்ச தண்ணில போட்டா தானா முங்கட்டும். கையால அழுத்தாதீங்க. காலைல வந்துருவேன்."

ஸ்பொஞ்ச் என்று நாங்கள் சொல்வது பூத்தண்டு குத்துவதற்கென்றே செய்த பச்சைக் கட்டி. செங்கல் அளவில் இருக்கும், எடை இருக்காது. தண்ணீர்மேல் போட்டால் மெதுவாகக் குடித்துக் குடித்துத் தானே இறங்கும். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அந்த இரண்டு நிமிடம் எனக்கு இல்லை. ஏனென்றால் எனக்கு ஒரு மயில் உதித்திருந்தது.

மணவறைக்கு நேர் மேலே, தோகை விரித்த மயில். கழுத்துக்கு நுவரெலியாவிலிருந்து வந்த நீல ஹைட்ரேஞ்சியா, தோகைக்கு ரோஜாவும் ஜெர்பராவும். பிடுங்க ஆள் இல்லாத ஒரே ஒரு நாள் கடவுளாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். மெனேஜர் பார்ப்பார், படம் எடுப்பார்கள், படிவம் தானாகவே நகரும். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரிய தொட்டியில் முப்பது ஸ்பொஞ்சையும் ஒன்றாகப் போட்டேன். அவை மிதந்துகொண்டு என் முகத்தையே பார்த்தன. இரண்டு கையாலும் பிடித்து முக்கினேன். முங்கின. வெளியே எடுத்தால் தண்ணீர் சொட்டியது. இதற்கா இத்தனை சாஸ்திரம் என்று சிரித்துக்கொண்டேன்.

எட்டு மணிக்கு மயில் எழுந்து நின்றது. உண்மையைச் சொல்கிறேன், அழகாக இருந்தது. மெனேஜர் என் தோளில் தட்டினார். பெண்ணின் தகப்பனார் கைகுலுக்கினார். மூன்று பேர் மயிலோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பதினொரு வருட ரிசப்ஷனில் கிடைக்காத மரியாதை ஒரு மணி நேரத்தில் கிடைத்தது.

ஒன்பதரைக்கு மயில் கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்தியது. வெட்கம் என்று வைத்துக்கொண்டேன். பத்து மணிக்குத் தலை நெஞ்சில் சாய்ந்தது. தோகை ஜெர்பராக்கள் ஒவ்வொன்றாகத் தரையைப் பார்க்க ஆரம்பித்தன. பக்கத்து அலங்காரங்கள் இரண்டும் அதோடு ஒற்றுமையாகச் சோர்ந்தன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் அத்தை சத்தமாகவே கேட்டார்.

"என்னாங்க அந்த மயிலுக்கு, காய்ச்சலா?"

சிரித்தார்கள். பெண்ணின் தகப்பனார் சிரிக்கவில்லை. "தாலி கட்டுற எடத்துல தல தொங்கிப்போன மயிலா? எம்புள்ள அதுக்குக் கீழயா ஒக்காரணும்?" என்று மெனேஜரிடம் கேட்டபோது அவர் குரல் நடுங்கியது. அந்த நடுக்கம்தான் என்னை உலுக்கியது. அதுவரை நான் என் வேலையைப் பற்றி மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன். இது ஒருவர் மகளின் கல்யாணம் என்ற நினைவு அப்போதுதான் வந்தது. வெட்கமாக இருந்தது.

அந்த நேரத்தில் புல்வெளியைக் கடந்து மிஸ் வந்தார். கசங்கிய சேலை, தோளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பை. மகள் எப்படி என்று நான் கேட்பதற்குள் அவரே, "காய்ச்சல் விட்டுருச்சு" என்றார். மயிலை நிமிர்ந்து பார்த்தார். சுற்றி நடக்கவில்லை, தலையைச் சாய்க்கவில்லை. ஒரு ஸ்பொஞ்சை உருவி இரண்டாக உடைத்துக் காட்டினார். வெளியே ஈரம். உள்ளே மாவு போலக் காய்ந்திருந்தது. அழுத்தினால் வெளிப்பக்கம் நனைந்து, உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். பூக்கள் விடியற்காலையிலிருந்து அந்தக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

"ஏணியப் பிடிங்கண்ணே" என்றார்.

வழக்கமாக ஒரு தண்டுதான் பிடுங்குவார். அன்று மயிலையே பிடுங்கினார். முழு மயிலையும், கொண்டையிலிருந்து வால்வரை, ஊரே பார்க்க. இதழாலேயே தண்ணீர் குடிக்கும் ஹைட்ரேஞ்சியாவைத் தலைகீழாகத் தொட்டியில் முக்கச் சொன்னார். நிறைகுடத்துக்காக வைத்திருந்த பித்தளைக் குடங்களில் உபரியாக இருந்த இரண்டை வாங்கி, கோழிக்கூட்டுக் கம்பி வலையைச் சுருட்டி உள்ளே தள்ளி, தண்ணீர் நிரப்பினார். பிறகு முதன்முறையாக அந்தச் சின்னக் கத்தியை என் கையில் வைத்தார். "சாய்ச்சு வெட்டுங்க. பேசாதீங்க." நான் வெட்ட வெட்ட அவர் வைத்தார். பிழைத்த பூக்கள் கொஞ்சம், கமுகம்பூ மூன்று பாளை, அவ்வளவுதான். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மணவறைக்கு மேலே வெறும் வானமும், தூரத்தில் குன்றும், இரண்டு பக்கம் இரண்டு குடமும் இருந்தன. பெண் வந்து உட்கார்ந்தபோது எல்லோரும் பெண்ணைத்தான் பார்த்தார்கள். கல்யாண வீட்டில் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் மயிலுக்குத் தெரியவில்லை.

மறுநாள் மெனேஜர் அறை. "யாரு செஞ்சது?" என்றார்.

மிஸ் என்னைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வார் என்று நான் இரவெல்லாம் நம்பியிருந்தேன். அப்படிச் செய்தால் கண்கலங்குவது எப்படி என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

"இவருதான் சார்" என்றார். "அழுத்தாதீங்கன்னு சொல்லிட்டுப் போனேன். அழுத்திட்டாரு."

மெனேஜர் என் பக்கம் திரும்பினார். 'இல்லாட்டி' அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டுச் சொந்தக்காரர், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து, எல்லாம் வரிசையாக வந்தன.

"அப்ப இவர அனுப்பிட்டு வேற ஆளப் பாப்போமா?"

"பாக்கலாம் சார். ஆனா வர்ற ஆளும் ஒருக்கா அழுத்துவாரு. அதுக்கு இன்னொரு கல்யாணத்தக் குடுக்கணும். இவரு தன்னோடத அழுத்தி முடிச்சிட்டாரு."

மெனேஜர் பேனாவை உருட்டினார். மிஸ் தன் மடியில் வைத்திருந்த அந்தப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். படைப்பாற்றல், தலைமைப் பண்பு, பொறுமை, கலை ரசனை, நாலும் நேர்கோடு போட்டு வெட்டப்பட்டிருந்தன. மிஞ்சியது ஒன்றுதான். 'நேரத்துக்கு வேலைக்கு வருபவர்.' கீழே அவருடைய கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு நாலு நாள் முந்திய தேதி.

நான் நிரந்தரமானேன். அந்த ஒரு வரியைக் கொண்டு நிரந்தரமான ஒரே ஆள் ஹோட்டல் சரித்திரத்தில் நான்தான்.

அடுத்த வருடம் அவருக்கு மாலைதீவில் வேலை கிடைத்தது. பிரிவுபசாரத்துக்கு மெனேஜர் பேசினார், கேக் வெட்டினார்கள். மேசை அலங்காரம் என்னுடையது. மூன்று நாள் யோசித்தேன். ஐந்து தண்டு. வெள்ளை அந்தூரியம் இரண்டு, இலை இரண்டு, ஒரு கமுகம்பூ. எனக்கென்று எதுவும் வைக்கவில்லை என்று பத்து தடவை சரிபார்த்தேன்.

வந்தார். மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தலை சாய்ந்தது. கை மெதுவாக மேலே வந்தது. வந்த கை அந்தரத்தில் நின்றது. இன்னொரு சுற்று நடந்தார். இலையைத் தூக்கிப் பார்த்தார், பின்பக்கம் குனிந்து பார்த்தார். வாசலில் வேன்காரன் ஹோர்ன் அடித்தான். ஆறு மாதமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் நான் காத்திருந்த நிமிடம் அது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

"என்னாண்ணே" என்றார். "போற அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே வைக்கலியா?"

நான் பூக்கூடத்துக்கு ஓடினேன். வாளியில் இருந்ததிலேயே பெரிதாக, பகட்டாக, யாருக்கும் பிடிக்காத ஒரு மஞ்சள் ஜெர்பராவை எடுத்து வந்து, அலங்காரத்துக்கு நட்டநடுவில் குத்திவைத்தேன். இரண்டடி பின்னால் போய் எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

அவர் அதை இரண்டு விரலால் உருவி எடுத்தார். வாளியில் போடவில்லை. கையில் பிடித்துக்கொண்டே போய் வேனில் ஏறினார்.